வெளியே முப்பத்துநான்கு பாகை

ஒஸ்லோவின் வடகிழக்கு மூலையில், மெற்றோப் பாதை முடிகிற வெஸ்ட்லியில், ஒரு மாடிக் கட்டடத்தின் ஏழாம் தளத்தில் குகநேசனும் பூமணியும் குடியிருந்தார்கள். குகநேசனுக்கு உறைமீன் களஞ்சியம் ஒன்றில் வேலை. போர்க்லிப்ற்றில் ஏறி மீன்பெட்டிகளை அடுக்க வேண்டும், இறக்க வேண்டும். அதற்குள்ளே மாரி, கோடை என்ற பேதம் கிடையாது. எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே இருபதைத் தாண்டித்தான் நிற்கும். பாதி ஆயுளை அந்தக் குளிருக்குள் கழித்தவருக்கு வெளிக்குளிர் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. தை மாதத்தில் ஒற்றைச் சேர்ட்டோடு பல்கனியில் நின்று போன் கதைப்பார். கீழே போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

பூமணி அதற்கு நேரெதிர். திருகோணமலையிலிருந்து கலியாணத்துக்கென்று வந்திறங்கிய நாளிலிருந்தே இந்த நாட்டுக் குளிர் அவளுக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் ஹீற்றரை அவள் கூட்டிவிடுவாள், அவர் போய்க் குறைப்பார். அவர் யன்னலைத் திறப்பார், அவள் வந்து சாத்துவாள். மகள் லக்ஷனா இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வளர்ந்தாள். வளர்ந்து பல்வைத்தியம் படித்து பேர்கனில் வேலைக்குப் போன பிறகும், போன் எடுத்தால் முதலில் கேட்பது, "இண்டைக்கு ஹீற்றர் ஆற்றை கையிலை?" என்றுதான்.

பூமணி ட்வெய்ட்டாவில் ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்தாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் பெரும்பாலும் மீன் உருண்டையும் உருளைக்கிழங்கும். அவள் பெயர் முழுவதையும் சொல்ல நாக்குப் புரளாத பிள்ளைகள் 'பூ' என்று கூப்பிட்டார்கள். மொழி வகுப்பில் கற்றதைவிட அந்தப் பிள்ளைகளிடம் கற்ற நோர்வேஜிய மொழிதான் அவளுக்கு அதிகம். அதனால் அவள் பேச்சில் எப்போதும் ஒரு சின்னப் பிள்ளையின் சாயல் இருக்கும். வயிற்று நோவென்று குடும்ப வைத்தியரிடம் முதன்முதலாகப் போனபோதுகூட, "என் வயிறு கோபமாக இருக்கிறது" என்றுதான் சொன்னாளாம். வைத்தியர் சிரித்துவிட்டார். பிறகு சோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சோதனைகளின் முடிவைக் கேட்க அவள் தனியாகத்தான் போனாள். இலையெல்லாம் கொட்டி முடிந்த காலம். குகநேசன் ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடத்தில் காத்திருந்தார். வந்து ஏறியவள் பெல்ற்றைப் போட்டாள், கைப்பையை மடியில் வைத்தாள். அவர் காரை நகர்த்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"குடலிலை கான்சராம். வெட்டி எடுக்க வேணுமாம்."

குகநேசன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கார் மெல்ல உருண்டு போய் முன்னாலிருந்த கொங்கிறீற் தூணில் முட்டி நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

"இறங்கிப் பம்பரை ஒருக்காப் பாருங்கோ," என்றாள் பூமணி.

"அது கிடக்கட்டும். வேறை என்ன சொன்னவர்?"

இருவரும் அந்தத் தூணுக்கு முன்னால் அப்படியே இருந்து கதைத்தார்கள். வார இறுதியில் அவர் பம்பரை முழங்காலால் தள்ளிச் சரிப்படுத்தினார். ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது. பழைய பெற்றோல் கார்தான், வாங்கும்போதே ஒருவர் கை மாறி வந்தது. ஆனால் அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இருபத்திரண்டு என்று ஒரு தரம் அழுத்திவிட்டால், வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே இருபத்திரண்டுக்குக் கொண்டுவந்துவிடும். "நீரும் நானும் ஹீற்றருக்கு அடிபடுறதுக்கு இதிலை இடமில்லை" என்று வாங்கிய புதிதில் பூமணிக்குச் சொல்லியிருந்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டோம், ஆனால் நிணநீர்க் கணுக்களிலும் இருந்தது, ஆகவே மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். மூன்று கிழமைக்கு ஒரு தடவை கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக ஒரு மருந்து, இடையில் வீட்டில் மாத்திரைகள். அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி மார்க்கஸ் என்ற ஆண் தாதி பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து விளக்கினான். உயரமான, மெதுவாகப் பேசுகிற நோர்வேக்காரன்.

"இந்த மருந்துக்குக் குளிர் எதிரி. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போல இருக்கும். குளிர்ச்சாதனப் பெட்டிக்குள் கையை விட்டால் விரல்களில் ஊசி குத்தும். வெளிக்காற்றுப் பட்டால் முகம் விறைக்கும், தாடை இறுகும். ஆபத்து இல்லை, ஆனால் பயமாக இருக்கும். சில நாளில் குறைந்துவிடும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எங்களுக்குச் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் டாக்டர் அளவைத் தீர்மானிப்பார்."

குகநேசன் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்கே ஹீற்றரைக் கூட்டிவிட்டார். அதற்குப் பிறகு அதைக் குறைக்க அவர் கை போகவேயில்லை. யன்னல்களின் இடுக்குகளில் பஞ்சுப்பட்டி ஒட்டினார். குளிர்ச்சாதனப் பெட்டியை அவர் மட்டும்தான் திறந்தார். தக்காளிப்பழத்தைக்கூட வெளியே எடுத்து வைத்து, குளிர் போன பிறகுதான் அவளிடம் கொடுத்தார். வேலையால் வந்தால் நேரே வீட்டுக்குள் போவதில்லை. களஞ்சியத்துக் குளிர் ஜக்கெற்றில் ஒட்டிக்கொண்டு வரும் என்று, கீழே நிலவறையில் உடுப்பை மாற்றிக்கொண்டு மேலே போவார். கையைச் சுடுதண்ணீரில் பிடித்துச் சூடாக்கிவிட்டுத்தான் அவளைத் தொடுவார்.

பேர்கனிலிருந்து வந்த லக்ஷனா இதைப் பார்த்துவிட்டு, "அப்பா இப்பிடி இருப்பார் எண்டு எனக்குத் தெரியாது," என்றாள்.

"எனக்கும் தெரியாது," என்றாள் பூமணி.

மருந்து ஏற்றுகிற நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்தான் கூட்டிப் போனார். நோயாளிகளை ஏற்றிப் போக மருத்துவமனை டாக்ஸி ஒழுங்கு செய்யும். வேண்டாம் என்றுவிட்டார். "ஆரோ ஒருத்தன் வந்து கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிப்பான். என்ரை கார் இருக்கேக்கை என்னத்துக்கு?"

அப்படிப் போய் வந்த ஒரு நாள்தான் பூமணி அதைக் கண்டாள். தை மாதம், இரண்டாவது மருந்து ஏற்றிய நாள். வீதியின் இரண்டு பக்கமும் பனி மதிலாய்க் குவிந்து கிடந்தது. பூமணி இரண்டு கம்பளிச் சால்வைகளுக்குள் கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு இருந்தாள். காரின் திரையில், வெளி வெப்பநிலை காட்டுகிற இடத்தில், முப்பத்துநான்கு என்று நின்றது.

"இஞ்சை பாருங்கோவன். வெளியிலை முப்பத்துநாலாம்."

குகநேசன் எட்டிப் பார்த்தார். "விசர் பிடிச்சிட்டுது இதுக்கு. வெளிக்கிடேக்கை சரியாக் காட்டினது."

"நாங்கள் சீடனுக்கு வந்திட்டம்," என்றாள் அவள்.

வெயில் தேடிப் போகிற தெற்கு ஊர்களை நோர்வேக்காரர் மொத்தமாக 'சீடன்' என்பார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறை முடிந்து வந்தால் அந்தக் கதைதான் சொல்வார்கள். பூமணி ஒருமுறையும் போனதில்லை. லக்ஷனாவின் படிப்பு முடியட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளியே போயிருந்தது. அன்றைக்கு அவள் சால்வைக்குள்ளே சிரித்தாள். கையுறை போட்ட விரலால் தடவித் தடவி, திரையையும் அதற்கு அப்பால் தெரிந்த பனியையும் சேர்த்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். லக்ஷனா உடனே, "வெயில் கண்ணாடி போட்டனீங்களோ?" என்று எழுதினாள்.

"லோறன்ஸிட்டைக் கொண்டுபோய்க் காட்டவேணும்," என்றார் குகநேசன். லோறன்ஸ் ஸ்ட்ரோம்மனில் வாகனம் திருத்துகிற கடை வைத்திருப்பவர், அவருடைய பழைய சிநேகிதர்.

"விடுங்கோ. இப்ப இதுக்கெண்டு அலையப் போறியளே. அது அப்பிடியே இருக்கட்டும், எனக்குப் பாக்கச் சந்தோசமாக் கிடக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அது ஒரு விளையாட்டானது. கார் புறப்படும்போது உள்ளதைக் காட்டும். சின்சன் சந்தியை நெருங்கும்போது இருபதைத் தாண்டும். மருத்துவமனை வாசலில் முப்பதுக்கு மேலே நிற்கும்.

ஆனால் பயணம் அவளுக்குப் பெரும் வேதனையாகிக்கொண்டு வந்தது. மருந்து ஏற்றிய பிறகு வீட்டுக்குத் திரும்புகிற அந்த வழி மிகவும் மோசம். மூக்கின் நுனியிலிருந்து தொடங்கும். கன்னம் விறைக்கும். தாடை பூட்டிக்கொள்ளும். தொண்டையை யாரோ உள்ளேயிருந்து பிடிப்பது போல இருக்கும், மூச்சு வருகிறதா என்று அவளுக்கே சந்தேகம் வரும். கையுறைக்குள்ளே விரல்கள் வளைந்து நிமிர மறுக்கும்.

"குளிருதோ உமக்கு?" என்று அவர் கேட்பார்.

"இது மருந்தின்ரை குளிர். மார்க்கஸ் சொன்னவர்தானே."

அவர் கூட்டிப் பார்ப்பார். இருபத்துநான்கு, இருபத்தைந்து. காற்றாடி இன்னும் பலமாகச் சுழன்று காற்று முகத்தில் அடிக்கும். "வேண்டாம், வேண்டாம், காத்து வேண்டாம்," என்று அவள் கையைத் தூக்குவாள். முழுதாக நிறுத்தினால் கண்ணாடி புகார் படிந்து பாதை தெரியாது. ஆகவே பழையபடி இருபத்திரண்டில் விட்டுவிட்டு, இயன்றவரை வேகமாக ஓட்டுவார். இருக்கைச் சூட்டை அவள் பக்கத்துக்கு முழுதாகப் போட்டுவிடுவார். அந்தக் காற்று தன் முகத்திலும் படத்தான் செய்தது. அவருக்கு அது இதமாக இருந்தது.

ஒருமுறை களஞ்சியத்தில் ஆள் குறைவு என்று அவரால் வர முடியவில்லை. பூமணி மருத்துவமனை டாக்ஸியில் போய் வந்தாள். அவர் பின்னேரம் வந்தபோது அவள் சமையலறையில் நின்று ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எழும்பி நிக்கிறீர்?"

"இந்த முறை அவ்வளவு இல்லை. அளவைக் குறைச்சுப் போட்டவையோ தெரியாது."

இருவரும் அதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடுத்த முறை அவர் கூட்டிப் போனார். திரும்பி வந்து காரிலிருந்து இறங்கும்போது அவளால் கதவைப் பிடிக்க முடியவில்லை. மின்தூக்கிக்குள் சுவரில் சாய்ந்துகொண்டு, "இனி ஏலாதப்பா," என்றாள்.

அதற்கடுத்த தடவை மார்க்கஸ் வழக்கம்போலக் கேட்டபோது, அவள் தன் பிள்ளைகளின் மொழியில் எல்லாவற்றையும் சொன்னாள். தொண்டை பூட்டிக்கொள்கிறது. விரல்கள் தூங்கிப்போகின்றன, எழுப்பினால் அழுகின்றன. சட்டைப் பொத்தான் பூட்ட முடியவில்லை. பயணத்தை நினைத்தாலே முதல் நாளே நித்திரை வருவதில்லை. மார்க்கஸ் டாக்டரைக் கூட்டிவந்தான். டாக்டர் அவளுடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவிப் பார்த்தார். பிறகு, இந்தச் சொட்டு மருந்தை இத்தோடு நிறுத்துவோம், நரம்புகள் நிரந்தரமாகப் பழுதாகிவிடக்கூடாது, மாத்திரையை மட்டும் முடிப்போம் என்றார்.

"அது போதுமோ?" என்று குகநேசன் கேட்டார்.

"பாதிக்கு மேல் ஏற்றியாயிற்று. பலருக்கு இந்தக் கட்டத்தில் நிறுத்தத்தான் வேண்டி வருகிறது," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பூமணி அழுதாள். நிம்மதியால் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் பனிப் பாதைக்கென்று பூட்டிய மாரிச் சில்லுகளைக் கழற்ற வேண்டும். குகநேசன் காரை ஸ்ட்ரோம்மனுக்குக் கொண்டு போனார். லோறன்ஸ் யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். எந்த வேலையிலும் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பார். காரை உள்ளே ஓட்டி வந்தவர் திரையைப் பார்த்துப் பாட்டை நிறுத்தினார்.

"அண்ணை, இதென்ன வெளியிலை முப்பத்தாறு எண்டு நிக்குது?"

"அது மாரி முழுக்க அப்பிடித்தான். பூமணிக்கு அது ஒரு பகிடி."

"எங்கையும் முன்னுக்கு இடிச்சனீங்களோ?"

லோறன்ஸ் குனிந்து பம்பருக்கு அடியில் லைற் அடித்துப் பார்த்தார். கையை உள்ளே விட்டு, ஒரு வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அதன் நுனியில் விரல் நகத்தளவில் ஒரு கறுப்புக் குமிழ் தொங்கியது.

"இதுதான் வெளிச்சூட்டை அளக்கிற சென்சர். பம்பரிலை கொழுவி இருக்கவேணும். இடிச்சதிலை கழண்டு ரேடியேற்றரிலை போய்ச் சாய்ஞ்சு கிடக்கு. எஞ்சின் சூடேற இதுவும் சூடேறும். கார் என்ன நினைக்கும், வெளியிலை நல்ல வெயில், உள்ளை ஆக்களுக்குக் குளிராக்க வேணும் எண்டு நினைக்கும். குளிர்காத்தை எடுத்து முகத்துக்கு நேரை அடிச்சிருக்குமே. மாரி முழுக்க எப்பிடி அண்ணை இதுக்குள்ளை இருந்தனீங்கள்?" லோறன்ஸ் சிரித்தார். "உங்களுக்கென்ன, ஐஸ்பெட்டிக்குள்ளை வேலை செய்யிற மனிசன்."

லோறன்ஸ் குமிழைத் துடைத்து, அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான் வேலை. பிறகு பாடிக்கொண்டே சில்லு மாற்றப் போனார்.

வேலை முடிந்த பிறகு குகநேசன் காரை எடுத்துக்கொண்டு கடைத்தொகுதிப் பக்கம் போய் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு இருந்தார். சற்று நேரத்தில் காலடியிலிருந்து சூடு எழும்பி முழங்கால் வரை வந்தது. வெளியே ஐந்து பாகை என்று காட்டியது. அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். தன் முகத்துக்கு இதமாக இருந்த அந்தக் காற்று அவளுடைய முகத்தில் எப்படி அடித்திருக்கும் என்று நினைத்தார். கையை நீட்டி அந்தப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தை மூடினார்.

அந்தக் குளிர்காற்றைப் பற்றி அவர் பூமணியிடம் சொல்லவில்லை. "சென்சர் கழண்டு கிடந்ததாம், போட்டாச்சு," என்றதோடு விட்டார். "சீடன் முடிஞ்சுதாக்கும்," என்றாள் அவள்.

அந்தக் கோடை அவர்களுக்கு நன்றாகத்தான் இருந்தது. மருந்தால் ஐதாகியிருந்த தலைமயிர் பூமணிக்குப் பழையபடி அடர்ந்தது, பாலர் பள்ளிக்கு அரைநாள் வேலைக்குப் போனாள். ஆவணியில் எடுத்த ஸ்கானில் ஈரலில் புள்ளிகள் தெரிந்தன, கான்சர் அங்கே பரவியிருந்தது.

குகநேசன் மார்க்கஸுக்குப் போன் எடுத்தார். வார்த்தைகளைத் தேடித் தேடி, மாரியில் கார் குளிர்காற்று அடித்ததையும், அது யாருக்கும் தெரியாமல் போனதையும் சொன்னார். "அந்த நோவெல்லாம் மருந்தால் வந்ததில்லையோ? மருந்தை வீணாக நிறுத்திவிட்டோமோ?" என்று கேட்டார். மார்க்கஸ் டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். அடுத்த நாள் டாக்டரே அழைத்தார்.

"குளிர் அந்த நோவைக் கூட்டியிருக்கும், அது உண்மை. ஆனால் விரல்களில் உணர்வு குறைந்திருந்ததை நானே சோதித்தேன். அது மருந்தால் வந்தது. இன்னும் ஒன்றிரண்டு தடவை ஏற்றியிருக்கலாமோ என்று கேட்டால், ஏற்றியிருக்கலாம். ஏற்றியிருந்தால் இது வந்திராதா என்று கேட்டால், அதை யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் அவரை மிக நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்."

கடைசி வசனத்தை அவரால் தாங்க முடியவில்லை. டாக்டர் திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம், பூமணி மேசையடியில் இருந்து உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகளில் உணர்வு முழுதாகத் திரும்பாததால் பல்லால் கடித்துத் தோலை எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டார். தூணில் முட்டியது, கழன்ற சென்சர், முகத்தில் அடித்த காற்று, டாக்டர் போனில் சொன்னது.

அவள் உள்ளியைக் கீழே வைத்தாள்.

"நான் அதை மருந்து எண்டெல்லோ நினைச்சனான்," என்றாள்.

"எனக்கும் தெரியாது பூமணி. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதெண்டு எனக்குத் தெரியும்." அவள் கையைத் துடைத்தாள். "இதை ஏன் இப்ப எனக்குச் சொல்லுறியள்?"

"சொல்லாமல் இருக்கேலாமல் போச்சு."

"உங்களாலை இருக்கேலாமல் போச்சு. சரி. இதை வைச்சுக்கொண்டு நான் இப்ப என்ன செய்ய?"

அவள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பாதி உரித்த உள்ளி மேசையிலேயே கிடந்தது. அவர் உட்கார்ந்து மிச்சத்தை உரித்தார், சமைத்தார். அவள் சாப்பிட வரவில்லை.

சில நாட்கள் அவள் அவரோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. முன்பு நோய் ஒன்றுதான் இருந்தது, அதை யாருடைய குற்றமும் என்று அவள் நினைத்ததில்லை. இப்போது ஒரு தூணும் ஒரு குமிழும் ஒரு 'இல்லாட்டில்' என்ற சொல்லும் அவள் தலைக்குள் வந்துவிட்டன. தான் எடுத்து அனுப்பிய அந்தப் படத்தைப் போனில் தேடி அழித்தாள். அதை அவர் பார்த்தார்.

பிறகு ஒரு காலை, தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தபோது அவருடைய கையைப் பிடித்து இருத்தினாள்.

"விடச் சொன்னது நான்தானே. லோறன்ஸிட்டைக் காட்டப் போறன் எண்டு சொன்னனீங்கள். நான்தான் இருக்கட்டும் எண்டனான்."

"அப்பிடிச் சொல்லாதையும்."

"சொல்லுறதைக் கேளுங்கோ. லக்ஷனாக்கு இது தெரியவேண்டாம். அவள் படிச்ச பிள்ளை, இதை விடமாட்டாள், நோண்டிக்கொண்டே இருப்பாள். பிறகு உங்களைப் பாக்கிற பார்வை வேறையாப் போயிடும். நான் இல்லாத நேரம் அவளுக்கு நீங்கள்தான் மிச்சம்."

அவர் தலையை ஆட்டினார். அவள் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

மார்கழியில் பாலர் பள்ளியில் லூசியா நாள் வந்தது. இருள் மிகுந்த அந்தக் காலத்தில் பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் விளக்கேந்தி வரிசையாகப் பாடிக்கொண்டு வருவார்கள். இவ்வளவு காலமும் அதற்கான மஞ்சள் பணிஸ் ரொட்டி முழுவதையும் சுட்டவள் பூமணிதான். இப்போது சுட முடியாது, ஆனால் பார்க்க வேண்டும் என்றாள். விடிய முன்னமே குகநேசன் கீழே போய்க் காரை ஓடவிட்டுச் சூடாக்கினார். பிறகு மேலே வந்து அவளைத் தாங்கிக் கூட்டிப் போய் ஏற்றினார். அவள் எடை அவர் அடுக்குகிற ஒரு மீன்பெட்டியளவுக்குத்தான் இருந்தது போலப் பட்டது.

ட்வெய்ட்டாவுக்குப் போகிற வழியில், பாதித் தூரத்தில் அவள் சால்வையைக் கழற்றினாள். பிறகு ஒரு கையுறையைக் கழற்றி, காற்று வருகிற இடத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

"சூடு வருது," என்றாள்.

"ஓம்."

பள்ளியில் பிள்ளைகள் வரிசையைக் குலைத்துக்கொண்டு "பூ! பூ!" என்று அவளிடம் ஓடி வந்தார்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை தன் தலையிலிருந்த மின்மெழுகுதிரிக் கிரீடத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்தது. பூமணி அதைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்தக் குழந்தைகளோடு முழுப் பாட்டையும் பாடினாள்.

மாசி மாதத்தில், ஒரு பிற்பகலில், வீட்டில் இறந்தாள். லக்ஷனா ஒரு கையையும் குகநேசன் மறு கையையும் பிடித்திருந்தார்கள். செத்தவீட்டுக்கு ஒஸ்லோவின் அயலூர்களிலிருந்தெல்லாம் சனம் வந்தது. மார்க்கஸ் பின்வரிசையில் வந்து நின்றுவிட்டுப் போனான். லோறன்ஸ் அடக்க முடியாமல் அழுதார். அந்தச் சென்சர் கதையும் பூமணியின் மருந்தும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று அவருக்குத் தெரியாது. குகநேசன் ஒருபோதும் சொல்லவுமில்லை.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்து லக்ஷனா பேர்கனுக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. கார்டர்மோன் விமான நிலையம் வரைக்கும் தானே ஓட்டுவதாகச் சொன்னாள். குகநேசன், முன்பு பூமணி இருந்த பக்கத்தில் இருந்தார். நகரத்தை விட்டு வெளியே வந்த பிறகு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் கேட்டாள்.

"அப்பா, அம்மா ஏன் அந்த மருந்தைப் பாதியிலை விட்டவ? அண்டைக்குப் போனிலை நான் வடிவாக் கேக்கேல்லை."

குகநேசன் வெளியே பார்த்தார். வயல்களில் பனி உருகி, ஆங்காங்கே கறுப்பு மண் தெரியத் தொடங்கியிருந்தது.

"குளிர் தாங்கேலாமல் போச்சு, பிள்ளை," என்றார்.

"ம்." லக்ஷனா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் ஏதும் சாப்பிட்டுட்டுத்தானே வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றார் அவர். சாப்பிட்டிருக்கவில்லை.